பூனைப் படையிலும் ஒரு அம்மா உண்டு: விலங்குப் போர்க்கதைகளும் குடும்பமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஒரு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பதினைந்து இருபது பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். மாடியின் ஒரு பாதியில் வீட்டுக்காரரின் புறாக் கூண்டு, மறு பாதியில் நாங்கள். முதலில் கதை படிக்கத்தான் கூடினோம். ஒன்றரை வருடமாக எல்லோரும் சேர்ந்து ஒரே கதையை எழுதிக்கொண்டிருக்கிறோம். காசிமேட்டுத் துறைமுகத்துப் பூனைகள் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போடும் கதை. பூனைகளுக்கெல்லாம் மீன் பேர்: நெத்திலி, சங்கரா, சுறா, வவ்வால். (வவ்வால் மீனைக் கேள்விப்படாத ஒரு வெளியூர்க்காரர், "இந்தப் பூனை பறக்குமா?" என்று கேட்டார்.)

பிள்ளைகளும், பெற்றவர்களும், தங்கள் தெருவிலும் இப்படி ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கே ஆரம்பித்தாலும் பாதிக் கேள்வி குடும்பத்தில்தான் வந்து நிற்கிறது.

எந்த மாதிரிக் கதைகளைச் சொல்கிறீர்கள்?

விலங்குகள் பேசும், யோசிக்கும், படை திரட்டும். அவற்றுக்கென்று எல்லை, சட்டம், சாமி, பழைய பகை எல்லாம் இருக்கும். ஆனால் உடம்பு மட்டும் விலங்கின் உடம்பு. பூனை பூனையாகத்தான் சண்டை போடும், வாள் தூக்காது. வாள் தூக்கும் எலிகளும் உண்டு, அதையும் படிக்கிறோம்.

சண்டைக் கதையில் குடும்பத்துக்கு என்ன வேலை?

எங்கள் கதையின் முதல் பன்னிரண்டு பக்கத்தை ஆறாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் எழுதினார்கள். பன்னிரண்டு பக்கமும் அடிதடி. சுறா பாய்ந்தது, வவ்வால் தடுத்தது, சுறா காதைக் கடித்தது, வவ்வால் மூக்கைக் கிழித்தது. படித்துக் காட்டியபோது நாலாம் பக்கத்தில் ஒருத்தன் பட்டம் பார்க்கப் போய்விட்டான். எழுதியவர்களே எட்டாம் பக்கத்தில் கொட்டாவி விட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு பெண், அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தவள், நோட்டை வாங்கி சண்டைக்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: "நெத்திலி கிளம்பும்போது குட்டிங்க இன்னும் கண்ணு திறக்கல." அதற்கப்புறம் அதே பன்னிரண்டு பக்கத்தை மறுபடி படித்தோம். பட்டம் பார்க்கப் போனவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். நெத்திலி மேல் ஒவ்வொரு அடி விழும்போதும் யாரோ ஒருத்தர், "குட்டிங்க என்னக்கா ஆவும்?" என்று கேட்டார்கள். சண்டையில் ஒரு எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை.

இது அந்தப் பெண் கண்டுபிடித்ததும் இல்லை. புறநானூற்றின் 86ஆம் பாட்டில் காவற்பெண்டு இதைத்தான் செய்கிறாள். யாரோ வீட்டுக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, "உன் மகன் எங்கே?" என்று கேட்கிறார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, புலி தங்கிவிட்டுப் போன கல்குகை மாதிரி அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, போர்க்களத்தில் போய்ப் பார், அங்கே தோன்றுவான் என்கிறாள். பாட்டில் போரே இல்லை. ஒரு வீடு, ஒரு தூண், ஒரு அம்மா, கூடவே ஒரு புலி. மொத்தம் ஆறே வரி. அந்த 'தெரியாது'வில் பெருமையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எது அதிகம் என்று ஒரு மாலை முழுக்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்குதானே?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள், ஏனென்றால் கடையில் கிடைப்பது அது. காட்டுப் பூனைக் கூட்டங்களின் 'வாரியர்ஸ்' வரிசை 2003இல் ஆரம்பித்தது. எரின் ஹண்டர் என்ற பேரில் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். முயல்களின் 'வாட்டர்ஷிப் டவுன்' 1972இல் வந்தது, ஒரு அப்பா காரில் போகும்போது இரண்டு மகள்களுக்குச் சொன்ன கதை. நல்ல கதைகள்தான். எங்கள் மாடியில் 'வாரியர்ஸ்' புத்தகம் ஒன்று அட்டை கிழிந்து, மேலே காலண்டர் தாள் ஒட்டி, இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதியை எடுத்துப் பாருங்கள். காக்கைக்கும் ஆந்தைக்கும் நடக்கும் போர் அது. ஆந்தைகள் ராத்திரியில் ஆலமரத்தைச் சுற்றி வந்து காக்கைகளைக் கொல்கின்றன. காக்கை ராஜாவின் கிழட்டு மந்திரி, சொந்தக் கூட்டமே தன்னை அடித்துத் துரத்திவிட்டதாக நடித்து ஆந்தைகளின் குகைக்குள் போய்விடுகிறது. அங்கே கூடு கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி தினமும் ஒரு குச்சி கொண்டுவந்து குகை வாசலில் போடுகிறது. குவியல் போதுமான அளவு ஆனதும், ஆந்தைக்குக் கண் தெரியாத பகலில் காக்கைகள் கொள்ளியோடு வந்து பற்றவைத்துவிடுகின்றன. எல்லோரும் இதைத் தந்திரக் கதையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு உறுத்துவது அந்தக் கூடு. கூடு என்றால் வீடு, முட்டை, குஞ்சு. அந்தக் கிழட்டுக் காக்கை ஆயுதமாக எடுத்தது அதை. குடும்பம் என்று சொன்னால் எதிரிகூட வழிவிடுவான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஆந்தை மந்திரிகளில் ரக்தாட்சன் மட்டும் சந்தேகப்பட்டான். யாரும் கேட்கவில்லை என்றதும் தன்னைச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு வேறு மலைக்குப் போய்விட்டான். அவன் ராஜத் துரோகியா, பொறுப்புள்ள குடும்பத்தலைவனா? இதை ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மணி அடித்த பிறகும் சத்தம் ஓயாது.

திருக்குறளில் இதே காக்கை இரண்டு இடத்தில் வருகிறது. காலமறிதலில் "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று போர்வீரனாக. அப்புறம் சுற்றந்தழாலில் "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்று, கிடைத்ததை ஒளிக்காமல் சொந்தத்தைக் கூப்பிட்டுச் சாப்பிடுகிறவனாக. ஒரே பறவைதான். விலங்குப் போர்க்கதைக்கு வேண்டியதெல்லாம் இந்த இரண்டு குறளுக்கு நடுவில் இருக்கிறது என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்.

மகாபாரதத்தில் காண்டவ வனம் எரியும் இடம் இன்னும் பிரமாதம். ஜரிதை என்ற தாய்ப்பறவை, பறக்கத் தெரியாத நாலு குஞ்சு, சுற்றிலும் தீ. அப்பா மந்தபாலன் வேறொருத்தியோடு போய்விட்டான். எலி வளைக்குள் நுழைந்துகொள்ளுங்கள் என்கிறாள் தாய். வளைக்குள் எலி இருக்கும், அது தின்றால் அது கேவலமான சாவு, தீயே மேல் என்று வாதாடுகின்றன குஞ்சுகள். நீ பறந்து போ, உயிரோடு இருந்தால் வேறு பிள்ளை பெறலாம் என்கின்றன. அம்மா போகிறாள். குஞ்சுகள் அக்னியை வேண்டிப் பிழைத்துக்கொள்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு அப்பா ஓடி வந்து ஒவ்வொன்றாக விசாரிக்கிறான். யாரும் அவனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இதை எழுதினவர் எந்தத் தெருவில் குடியிருந்தாரோ தெரியவில்லை, எங்கள் தெருவை நன்றாகப் பார்த்திருக்கிறார்.

பூனைக்கு ஏது குடும்பம்? அது தனியாகத் திரியும் ஜந்து இல்லையா?

வேட்டைக்குத்தான் தனியாகப் போகும். சோறு ஒரே இடத்தில் கொட்டிக்கிடந்தால் கூட்டமாக வாழும். துறைமுகம் அப்படிப்பட்ட இடம். அங்கே கூட்டத்தின் முதுகெலும்பு பெண் பூனைகள்: அம்மா, மகள், அக்கா, சித்தி. ஒருத்தி குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுப்பாள். ஆண், அதாவது கடுவன், பெரும்பாலும் அலைந்துகொண்டிருப்பான், குட்டி வளர்ப்பில் அவனுக்குப் பங்கு கிடையாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு அப்பாக்கள் இருக்கலாம். இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று நான் நெளிந்துகொண்டிருந்தபோது, கூண்டுப் பக்கம் நின்ற வீட்டுக்காரர், "அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்மா, நீ மேல சொல்லு" என்றார்.

இதை அப்படியே கதைக்குள் கொண்டுபோனோம். நெத்திலியின் மூன்று குட்டிகளில் ஒன்றின் அப்பா எதிர் அணிக் கடுவன். ஒரே மடி, ஒரே பால், ஆனால் ஒன்று மட்டும் 'அவங்க' பிள்ளை. மனிதக் குடும்பத்தை எடுத்து அதன் மேல் ரோமம் ஒட்டினால் இந்தச் சிக்கல் கிடைத்திருக்காது. அப்பா வேலைக்குப் போய், அம்மா டிபன் கட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பூனைக் குடும்பத்தை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: அப்புறம் பூனை எதற்கு? மனிதர்களையே எழுதலாமே.

இன்னொன்று, மூக்கு. பூனைக்கு உறவு என்பது வாசனை. ஒன்றோடொன்று தலையும் கன்னமும் உரசிக் கூட்டத்துக்கே ஒரு பொது வாசனை வைத்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஒன்றை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தால், நேற்று வரை கட்டிப்பிடித்துத் தூங்கிய மற்றது சீறும். ஊசி மருந்து வாசனையில் அது சொந்தக்காரனாகத் தெரிவதில்லை. எங்கள் கதையில் எதிரியிடம் பிடிபட்டுப் பத்து நாள் கழித்துத் தப்பி வந்த சங்கராவைப் பார்த்து அவன் தங்கையே சீறுகிறாள். அந்த அத்தியாயத்தை எழுதியவனுக்கு வயது பதினொன்று. என்னால் அவ்வளவு நன்றாக எழுத முடியாது.

அப்பாக்களே இல்லாத கதையா? கொஞ்சம் வருத்தமாக இருக்கிறதே.

புறாவை எழுதுங்கள். எங்கள் மாடியில் பிள்ளைகள் தினமும் பார்ப்பதுதான். இரண்டு முட்டை, சுமார் பதினெட்டு நாள் அடை. காலை வெயில் ஏறியதிலிருந்து சாயங்காலம் வரை ஆண் உட்காரும், மீதி நேரம் பெண். குஞ்சு பொரித்ததும் இரண்டின் தொண்டைப் பையிலும் பால் மாதிரி ஒன்று சுரக்கும், அப்பாவும் ஊட்டுவார். பறவையில் தாய்ப்பால் கொடுக்கிற அப்பா என்று சொன்னபோது ஒரு பையன் நம்பவில்லை. வீட்டுக்காரர் கூண்டைத் திறந்து காட்டினார்.

வட சென்னையில் புறா விடுகிறவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி விட்ட புறா ஏன் அலறியடித்துக்கொண்டு திரும்பி வருகிறது? திசை அறியும் திறமை ஒரு பக்கம். கூண்டில் ஜோடி காத்திருக்கிறது, முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். பந்தயத்துக்கு முன்னால் ஜோடியைப் பிரித்து வைத்து, கிளம்பும் நேரத்தில் ஒரு நொடி காட்டிவிட்டு அனுப்பும் முறை உலகம் முழுக்க உண்டு. பாசத்தைப் பெட்ரோலாகப் பயன்படுத்துவது. முதல் உலகப் போரில், 1918 அக்டோபரில், சேர் அமி என்ற புறா மார்பில் குண்டடிபட்டு ஒரு காலும் சிதைந்த நிலையில், சிக்கிக்கொண்ட அமெரிக்கப் படைப்பிரிவின் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மனிதர்கள் அதை வீரம் என்றார்கள். புறாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. போர்க்கதை எழுத இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

'கிளான்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? குலமா, கூட்டமா, இனமா?

நாங்கள் பரம்பரை என்று வைத்திருக்கிறோம். இதற்குக் காரணம் மண். வட சென்னையில் பரம்பரை என்றால் குத்துச்சண்டை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2021இல் பா. ரஞ்சித்தின் படம் வந்தபிறகு எல்லா ஊருக்கும் அந்தப் பேர் தெரிந்துவிட்டது.

அந்தச் சொல்லுக்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. அகராதியில் பரம்பரை என்றால் தலைமுறை, வம்சம். ஆனால் குத்துச்சண்டையில் நீ எந்த வீட்டில் பிறந்தாய் என்பதைவிட எந்த வாத்தியாரிடம் கற்றாய் என்பதுதான் பெரிது. அண்ணனும் தம்பியும் வேறு வேறு பரம்பரைக்கு ஆட வாய்ப்பு உண்டு. வாத்தியார் அப்பா மாதிரி. சில நேரம் அப்பாவைவிட மேலே. பிறப்பால் வந்ததுபோல ஒலிக்கிற சொல், ஆனால் பயிற்சியாலும் விசுவாசத்தாலும் கட்டினது. விலங்குக் கூட்டக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வியும் இதுதானே: நான் யார் பிள்ளை, பெற்றவளுடைய பிள்ளையா, வளர்த்தவருடைய பிள்ளையா? 'குலம்' என்று எழுதினால் இந்தக் கேள்வியே எழாது, பிறப்போடு முடிந்துவிடும். தவிர, அந்தச் சொல்லைச் சொன்னாலே சில பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பூனைகள் ஐஸ் கம்பெனிப் பரம்பரை, வலைக்கூடத்துப் பரம்பரை. கெத்தாக இருக்கிறதா இல்லையா?

எலி ஏன் எப்போதும் வில்லன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவள் ஏழாம் வகுப்பு. "எலியா பொறந்தா கெட்டவன்தானாக்கா?" என்று கேட்டாள்.

1986இல் வந்த 'ரெட்வால்' லிவர்பூல்காரர் பிரையன் ஜாக்ஸ் எழுதியது. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் அவர்களுக்காக எழுத ஆரம்பித்தார் என்பதாலேயே எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. சாப்பாட்டை அவர் வர்ணிப்பதைப் படித்தால் பசிக்கும். ஆனால் அந்த உலகத்தில் சுண்டெலியும் அணிலும் நல்லவை, பெருச்சாளி மாதிரியான எலியும் மரநாய் வகையறாவும் கெட்டவை. பிறப்பிலேயே முடிவான விஷயம். 1995இல் வந்த ஒரு பாகத்தில், கைவிடப்பட்ட கெட்ட இனக் குட்டி ஒன்றை ஒரு சுண்டெலிப் பெண் எடுத்து வளர்க்கிறாள். வளர்ப்பு ஜெயிக்குமா ரத்தம் ஜெயிக்குமா என்று பக்கத்துக்குப் பக்கம் இழுக்கிறார். கடைசியில் அந்தக் குட்டி வளர்த்தவளுக்காக உயிரையே கொடுக்கிறது. அதற்குப் பிறகும் அது அடிப்படையில் கெட்டதுதான் என்பதுபோல முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்தப் பிள்ளைகள் வேலைக்கு மனு போடும் வயதில் முகவரியை எழுதும்போது எதிரில் இருப்பவர் புருவம் தூக்குவார். எனக்கு அது நடந்தது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சிரித்தவர், ஏரியா பேரைப் பார்த்ததும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. எலியாகப் பிறந்தால் எலிப்புத்தி என்று சொல்கிற கதையை அந்த மாடியில் நான் வாசிக்க மாட்டேன். வாசித்தாலும் சண்டை போட்டுக்கொண்டே வாசிப்பேன்.

நம் ஊரில் பிள்ளையாரே மூஞ்சூறு மேல்தான் வருகிறார். அதுமட்டுமில்லை, கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று வாய் நிறையப் பிள்ளை போட்டுக் கூப்பிடுகிற மொழி இது. பெருச்சாளிக்கு மட்டும் அந்த யோகம் இல்லை. (ஆங்கிலத்தில் அதற்கு பாண்டிகூட் என்று பேர், தெலுங்கின் பந்திக்கொக்கு போய் அப்படி ஆனது.) எங்கள் கதையில் பெருச்சாளிகள் துறைமுகத்துக் கிடங்கில் பாட்டி தலைமையில் வாழ்கின்றன. இரண்டு பூனைப் பரம்பரைக்கும் கடன் கொடுக்கின்றன. வட்டி அதிகம்.

குட்டிகளுக்கு ஒவ்வொரு மிருகத்துக்கும் தனிப் பேர் உண்டா?

உண்டு. தொல்காப்பிய மரபியலின் முதல் நூற்பாவே அதுதான்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஒன்பது பேர். நாய், பன்றி, புலி, முயல் இவற்றின் இளசு குருளை, நரிக்கும் அதுவே. எலி, அணில், வெருகு எனும் காட்டுப்பூனை இவற்றுக்குக் குட்டி, பறழ் என்றும் சொல்லலாம். எங்கள் பிள்ளைகள் இதைப் பட்டப்பேராக்கிவிட்டார்கள். கண் திறக்காதது குழவி, நடக்க ஆரம்பித்தது குட்டி, சண்டை பழகுவது பறழ். இலக்கணப்படி தப்பு. கதைப்படி அருமை.

அண்ணன் தம்பியை எதிரெதிர் அணியில் வைக்கலாமா? சினிமாத்தனமாக இருக்காதா?

காரணம் பெரிதாக இருந்தால் சினிமாத்தனம். சின்னதாக இருந்தால் குடும்பம்.

வாலி சுக்கிரீவனைப் பாருங்கள். நம்மிடம் இருக்கிற குரங்குப் போர்க்கதைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. அண்ணன் அசுரனைத் துரத்திக் குகைக்குள் போகிறான், தம்பி வாசலில் காவல். நாள் போகிறது. ரத்தம் வழிகிறது. அண்ணன் செத்துவிட்டான் என்று தம்பி பாறையை வைத்து அடைத்துவிட்டு ஊருக்குப் போகிறான். அண்ணன் உயிரோடு வந்து, அடைத்த பாறையைப் பார்க்கிறான். அவ்வளவுதான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாசலில் நின்றவனுக்கு வேறு எப்படித் தோன்றும், உள்ளே இருந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? அப்புறம் நடப்பதெல்லாம், தம்பி மனைவியை அண்ணன் வைத்துக்கொள்வது வரை, அந்தப் பாறையிலிருந்து உருள்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கு சம்பாதியும் ஜடாயுவும். சின்ன வயதில் இரண்டு பேரும் சூரியன் வரை பறக்கப் போட்டி போட்டார்கள். வெப்பம் தாங்காமல் தம்பி தளர்ந்தபோது அண்ணன் தன் சிறகை விரித்து மறைத்தான். சிறகு கருகி விழுந்தான். பிறகு வெகுகாலம் கழித்து, வால்மீகி சொல்கிறபடி, தின்னலாம் என்று பார்த்த குரங்குகளின் வாயிலிருந்து தம்பியின் சாவைக் கேள்விப்படுகிறான். பறக்க முடியாத கழுகு, தம்பிக்கு நீர்க்கடன் செய்யத் தன்னைக் கடற்கரைக்கு எடுத்துப்போகச் சொல்லி அந்தக் குரங்குகளையே கேட்கிறது. இந்த இடத்தை நான் படிக்கும்போது குரல் உடையும். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள், அயோக்கியர்கள்.

எல்லாக் கதையிலும் அப்பா அம்மா செத்துப்போகிறார்களே, ஏன்?

எழுதுகிறவருக்கு வசதி. பெற்றவர்கள் இருந்தால் குட்டியைப் போர்க்களத்துக்கு விடமாட்டார்கள். ஆகவே முதல் அத்தியாயத்திலேயே அவர்களைத் தீர்த்துவிடுகிறார்கள்.

எங்களிடம் வரும் பிள்ளைகளில் நிஜமாகவே அப்பாவை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு அப்பாவின் சாவைத் தொடக்கப் பட்டாசாகக் கொளுத்துவது அவர்கள் முன்னால் எனக்குக் கூசியது. மாற்று வழியைச் சொன்னதும் அவர்கள்தான். "அப்பா கடலுக்குப் போயிருக்காருன்னு வெச்சிக்கலாம்க்கா." காசிமேட்டில் அதற்கு விளக்கம் தேவையில்லை. விசைப்படகில் போனால் பல நாள் கழித்துத்தான் வருவார். அம்மா விடிவதற்குள் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்பிவிடுவாள். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் இல்லை. சாகாத அப்பா ஒருவர் கடலில் இருப்பது செத்த அப்பாவைவிடக் கதைக்கு அதிகம் உழைக்கிறது. எந்த நிமிடமும் வந்துவிடலாம்.

சாவே வரக்கூடாதா? பிள்ளைகள் பயப்படுவார்களே?

வரலாம், வரவேண்டும். பிள்ளைகள் சாவுக்குப் பயப்படுவதைவிடப் பொய்க்கு அதிகம் முகம் சுளிக்கிறார்கள். செத்த பூனை மூன்றாம் அத்தியாயத்தில் மந்திரத்தால் எழுந்து வந்தபோது எங்கள் மாடியில் கலவரமே நடந்தது. ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறோம்: ஒரு பாத்திரத்தைச் சாகடித்தால், அன்று ராத்திரி அதன் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். எதிரியாக இருந்தாலும். இந்த விதி வந்த பிறகு சாவு எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. சோம்பேறித்தனமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போருக்கு ஒரு நல்ல காரணம் சொல்லுங்கள். 'உலகத்தை ஆள' என்று எழுதினால் சலிக்கிறது.

பசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் வரிசையாக நிற்கும். நாட்டுப்படகுகள் போகும், வரத்து கொஞ்சம். மனிதர்களுக்கே தட்டுப்பாடு என்றால் மீன் குடலை நம்பி வாழும் பூனைக்கு? அதோடு வெயில் காலம், குட்டி போடும் காலம். பால் கொடுக்கும் நெத்திலிக்குத் தினமும் இரண்டு மடங்கு வேண்டும். வலைக்கூடத்துப் பக்கம் ஒரு நாட்டுப்படகு ஒதுங்குகிறது. எல்லையைத் தாண்டினால் போர். தாண்டாவிட்டால் குட்டி சாகும். எங்கள் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை.

மனிதர்கள் வரலாமா?

முழங்காலுக்குக் கீழே மட்டும். செருப்பு, லுங்கி விளிம்பு, கூடை, துடைப்பம். ஒரே ஒரு விதிவிலக்கு வைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதும், கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருந்ததும் பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது. அந்த அத்தியாயத்தில் எதிரிக்கு முகமே இல்லை. பூனைகளுக்கு யாரைக் கடிப்பது என்று தெரியவில்லை.

வளர்த்த பிள்ளை எதிரியின் பிள்ளை என்று தெரியவந்தால்? இந்தத் திருப்பம் பழசாகிவிட்டதே?

குயில் முட்டையைக் காக்கை அடைகாப்பது எவ்வளவு பழசு! ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும், தன்னைவிட வேறு நிறத்தில் ஒரு குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு கத்த, காக்கை ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் நின்றுவிடுகிறோம். உண்மை வெளிவரும் காட்சியை நீட்டாதீர்கள். அதற்கு மறுநாள் காலையை எழுதுங்கள். பசிக்கிறது என்று அது வந்து நிற்கும்போது இவள் என்ன செய்கிறாள்?

உங்கள் கதை எப்படி முடிகிறது?

முடியவில்லை. நெத்திலியின் அந்த மூன்றாவது குட்டி இப்போது பறழ் ஆகிவிட்டது. எந்தப் பரம்பரைக்குச் சண்டை போடும் என்பதில் மாடி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. போன வாரம் பேச்சு முற்றி ஒருத்தி நோட்டோடு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அம்மாவிடம் சொல்லி வாங்கவேண்டும்.

நாங்களும் வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

வரலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, குடிக்கத் தண்ணீர். மாடிப்படி மூன்றாவது திருப்பத்தில் விளக்கு எரியாது, பார்த்து ஏறுங்கள். இந்த வாரம் கூண்டுப் பக்கம் யாரும் கத்தக்கூடாது என்று வீட்டுக்காரர் உத்தரவு. இடது ஓரத்து ஜோடி முட்டை மேல் இருக்கிறது. நாம் வரும் நேரம் அப்பா எழுந்து, அம்மா வந்து உட்காரும் நேரம்.